மலையில் பின்தங்கியவருக்கு மாலை: மார்க் கவென்டிஷின் விருதை மக்கள் எப்படி ஏற்றார்கள்?

தலவாக்கலையிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாக இலண்டனில் வாழும் அவருடைய மாமா விடுமுறைக்கு வந்திருந்தபோது, தேநீர்க் கடையில் பேச்சு விளையாட்டு விருதுகளின் பக்கம் திரும்பியதாம். 2011இல் பிபிசியின் ‘ஆண்டின் விளையாட்டு ஆளுமை’ விருது கிரிக்கெட் வீரர் ஒருவருக்கோ ஓட்டவீரர் மோ ஃபாராவுக்கோ போயிருக்க வேண்டும் என்றும், மலை வந்தால் கடைசியில் வருகிற, மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கடைசி 200 மீட்டரில் மட்டும் பாய்கிற மார்க் கவென்டிஷ் என்ற சைக்கிள்காரருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் மாமா அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த விருதைப் பிரித்தானிய மக்கள் அப்போது எப்படி எடுத்துக்கொண்டார்கள், மாமா சொல்வதில் நியாயம் உண்டா என்பதே தம்பியின் கேள்வி.

சுருக்கமான பதில் இதுதான். மகிழ்ந்தவர்கள் பலர், முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள், ஆனால் அந்த ஆண்டு எழுந்த பெரிய சத்தம் கவென்டிஷைப் பற்றியதே அல்ல. மாமாவின் குறையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மை சைக்கிள் பந்தயம் என்ற விளையாட்டின் இயல்பைப் பற்றியது என்பதால், கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் விருதின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். இது அரசு கொடுக்கும் பட்டம் அல்ல. 1954இல் தொடங்கிய இந்த விருதுக்கு, ஒரு சிறு பட்டியலை நடுவர்கள் தயாரிக்க, பொதுமக்கள் வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்கிறார்கள். முதன்முதலில் வென்றவர் ஓட்டவீரர் கிறிஸ்டோபர் சாட்டவே. அதே ஆண்டில் ஒரு மைல் தூரத்தை முதன்முறையாக நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்த ரோஜர் பானிஸ்டர் இரண்டாம் இடத்துக்குப் போனார். தொடக்கத்திலேயே சாதனைப் பதிவேடு ஒரு பக்கமும் மக்களின் மனம் இன்னொரு பக்கமும் நின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. விருதின் பெயரிலேயே ‘வீரர்’ என்று இல்லாமல் ‘ஆளுமை’ என்று இருப்பதால் ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. தகுதிக்கா வாக்கு, மனத்துக்குப் பிடித்தவருக்கா வாக்கு என்று கேட்காத ஆண்டே இல்லை.

2011 டிசம்பரில் சல்ஃபோர்ட் நகரில் நடந்த விழாவில் கவென்டிஷ் 1,69,152 வாக்குகள் பெற்றார். பதிவான வாக்குகளில் அது ஏறத்தாழ பாதி. இரண்டாவதாக வந்த கோல்ப் வீரர் டரன் கிளார்க் அதில் நான்கில் ஒரு பங்கு வாக்குகளையே பெற்றார், ஃபாரா மூன்றாவது. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்டு நாடே திரண்டு வாக்களித்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் மொத்தமாக மூன்றரை இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளே விழுந்தன. அடுத்த ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கின் சூடு ஆறாதிருந்த வேளையில், இன்னொரு சைக்கிள் வீரரான பிரட்லி விக்கின்ஸ் 4,92,064 வாக்குகளோடு வென்றார். ஆனால் அது மொத்தத்தில் 30 சதவீதமே. அந்த ஆண்டு இரண்டாவதாக வந்த ஜெசிக்கா எனிஸ் பெற்ற வாக்குகள் கவென்டிஷ் முந்தைய ஆண்டில் வென்ற வாக்குகளைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே 2011இன் வெற்றியை நாட்டின் தீர்ப்பாகக் கொள்வதைவிட, ஒரு விளையாட்டின் சொந்தக்காரர்கள் ஒற்றுமையாக எழுந்து நின்ற நாளாகக் கொள்வதே பொருத்தம்.

மற்ற விளையாட்டுகளின் இரசிகர்கள் ஒற்றுமையாக இருக்கவும் வழியில்லை. பட்டியலில் இருந்த பத்துப் பேரில் கோல்ப் வீரர்கள் மூவர்: கிளார்க், ரோரி மெக்கில்ரோய், லூக் டொனால்ட். கிரிக்கெட்டிலிருந்து அலஸ்டயர் குக்கும் அன்ட்ரூ ஸ்ட்ராஸும் இருவர். ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த ஆஷஸ் தொடரில் 766 ஓட்டங்கள் குவித்த குக்குக்கு ஏன் விருது இல்லை என்று மாமா கேட்டால், கிரிக்கெட் இரசிகரின் வாக்கு இரண்டாகப் பிரிந்தது என்பது என் பதிலின் ஒரு பகுதி. சைக்கிளுக்கு நின்றவர் ஒருவரே. எங்கள் பிரதேச சபைத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒற்றுமையாக வாக்களிப்பதிலும் ஒரு எல்லை உண்டு என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். 1991இல் தூண்டில் மீன்பிடியில் உலக வாகையரான பொப் நட் என்பவருக்காக அந்த விளையாட்டின் வார இதழ் தன் வாசகர்களைத் திரட்டியபோது, அந்த வாக்குகளைப் பிபிசி கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டது. மீன் பிடிப்பவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை என்று கேள்வி.

சைக்கிள் இரசிகர்கள் 2011இல் ஏன் அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டார்கள் என்பதற்கு நூறாண்டுக் கதை ஒன்று பின்னால் இருக்கிறது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் சைக்கிள் பந்தயம் ஊர்த் திருவிழாபோல வளர்ந்தபோது, பிரித்தானியாவில் அது ஒளிந்து நடந்த விளையாட்டு. பொதுச் சாலையில் கூட்டமாகப் போட்டியிடுவது காவற்றுறையின் கோபத்தைக் கிளறும் என்று அஞ்சி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சைக்கிள் சங்கமே அதைத் தடைசெய்தது. மிஞ்சியது, அதிகாலையில், ஊர்ப் பெயரை வெளியே சொல்லாமல் குறியீட்டு எண்களால் அழைக்கப்பட்ட சாலைகளில், கறுப்பு உடை அணிந்து ஒவ்வொருவராகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடும் முறை. 1942இல் பேர்சி ஸ்டலார்ட் என்பவர் லங்கோலனிலிருந்து வுல்வர்ஹம்ப்டன் வரை ஒரு கூட்டுப் பந்தயத்தை நடத்தியபோது, வேடிக்கை பார்த்த மக்கள் கைதட்டினார்கள். சங்கமோ அவரை விலக்கியது. அதனால் போட்டிச் சங்கம் ஒன்று உருவானது; பிளவுபட்ட இரு சங்கங்களும் ஒன்றாக 1959 வரை ஆனது. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி நின்ற ஒரு கூட்டத்துக்கு, நாடு முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சி மேடையில் தங்கள் ஆள் கோப்பையோடு நிற்பதைக் காண்பது வெறும் விளையாட்டு வெற்றியாக இருந்திருக்க முடியாது.

அதற்கு முன் இந்த விருதைப் பெற்ற சாலைப் பந்தயக்காரர் ஒரேயொருவர். ஸ்பெயினின் சன் செபஸ்தியானில் 1965இல் உலக வாகையரான டொம் சிம்ப்சன், மோட்டார் பந்தயத்தின் பேரரசராக இருந்த ஜிம் கிளார்க்கையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளி அவ்வாண்டு விருதை வென்றார். இரண்டே ஆண்டுகளில், 1967 ஜூலை 13 அன்று, பிரான்சின் வெந்தூ மலையில் வெயிலில் ஏறிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். அவர் உடலில் ஊக்கமருந்து இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. அவரை நேசித்தவர்கள் இன்றும் அந்த மலையில் அவருடைய நினைவுக்கல்லின் காலடியில் தண்ணீர்ப் போத்தலையோ தொப்பியையோ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சிம்ப்சன் இறந்த அதே 1967இல் யோர்க்ஷயரைச் சேர்ந்த பெரில் பேர்ட்டன் என்ற பெண் 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையையும் முறியடித்தார். அந்த ஓட்டத்தில் தனக்கு முன்னே போய்க்கொண்டிருந்த ஆண் வீரரை எட்டிப்பிடித்துக் கடந்தபோது அவருக்கு ஓர் இனிப்பை நீட்டினார் என்பது சைக்கிள் உலகில் எல்லோரும் அறிந்த கதை. உலக வாகையர் பட்டத்தை ஏழு முறை வென்ற அந்த அம்மையாருக்கு அந்த ஆண்டு கிடைத்தது இரண்டாம் இடம்; விருது குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பருக்குப் போனது. பெண் சைக்கிள் வீரர் எவரும் பேர்ட்டனுக்குக் கிடைத்த இடத்தைத் தாண்டிப் போகவில்லை. 2008இல் நிக்கோல் குக் ஒரே ஆண்டில் ஒலிம்பிக் சாலைப் பந்தயத் தங்கத்தையும் உலகப் பட்டத்தையும் வென்றும் முதல் மூவரில் வரவில்லை. அந்த ஆண்டு பீஜிங்கில் மூன்று தங்கங்கள் வென்ற கிறிஸ் ஹோய் விருதைப் பெற்றார். ஹோய்க்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. குக்குக்குக் கிடைக்காததில் உண்டு.

நான் மேலே சொன்ன பெரிய சத்தம் இங்கேதான் வருகிறது. 2011இன் பட்டியலில் இருந்த பத்துப் பேரில் ஒரு பெண்கூட இல்லை. அதே ஆண்டு ஷங்ஹாயில் 800 மீட்டர் நீச்சலில் உலகத் தங்கம் வென்ற ரெபெக்கா அட்லிங்டன் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த கடுமையான நெடுந்தூரப் போட்டியில் மீண்டும் உலக வாகையரான கிறிஸ்ஸி வெலிங்டன் இல்லை. பட்டியலைத் தெரிவு செய்தவர்கள் பத்திரிகைகளின் விளையாட்டு ஆசிரியர்கள். அவர்களுள் அரைகுறை ஆடைப் படங்களை நம்பி விற்கும் ஆண்களுக்கான இதழ்கள் இரண்டும் அடக்கம் என்பது வெளியே தெரிந்ததும் நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே தெரிவு முறை மாற்றப்பட்டது. கவென்டிஷின் வெற்றி இந்தப் புகையின் நடுவில் வந்ததால், அதைப் பற்றிய உண்மையான விவாதம் பாதி மறைந்தே போனது.

இனி மாமாவின் கேள்வி. நாங்கள் மலைநாட்டவர்கள், சைக்கிளை நாங்கள் பார்க்கும் விதமே வேறு. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் துவிச்சக்கரவண்டி வீட்டில் ஓர் ஆள் மாதிரி; இங்கே லயத்திலிருந்து கடைவீதிக்குப் போவதென்றால் தேயிலை மலைக்குள்ளால் இறங்கும் குறுக்குப் பாதையில் நடந்துவிடுகிறோம். நான் ஆசிரியராக வவுனியாவில் நான்காண்டுகள் பணியாற்றிவிட்டு மாற்றலாகி வந்தபோது என் பழைய சைக்கிளை ரயிலில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். நிலையத்தில் அதை இறக்கியவர், "சேர், இதை எங்கே ஓட்டப் போறீங்க, தோளிலா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியென்று இரண்டாம் நாளே தெரிந்தது. சமவெளியில் என்னைத் தள்ளிக்கொண்டுபோன அதே வண்டியை கினிகத்தேனைப் பக்கத்து ஏற்றத்தில் நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்படிப்பட்ட ஊரில், மலை ஏறத் தெரியாதவன் சைக்கிள் வீரன் என்று சொன்னால் சிரிப்பு வருவது இயல்புதான்.

ஆனால் ஏற்றமும் சமதரையும் இரண்டு வேறு விளையாட்டுகள். ஏற்றத்தில் எதிரி உடல் எடை. சமதரையில் எதிரி காற்று. வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் கனமாக, அதாவது மும்மடியாகப் பெருக்கிய அளவில் கூடுகிறது. கணித ஆசிரியன் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன்: மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்குப் போவது ஒன்றரை மடங்கு வேகம்தான், ஆனால் காற்றோடு மட்டும் போராட ஏறத்தாழ 3.4 மடங்கு ஆற்றல் வேண்டும். முன்னே ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னே வருபவரின் உழைப்பு மூன்றில் ஒரு பங்களவு குறைந்துவிடும். ஆகவே பின்னால் இருப்பதை ஒளிந்துகொள்வது என்று சொல்வது பிழை. இந்த விளையாட்டின் இலக்கணமே அதுதான். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் ஓர் அணியின் வீரர்கள் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக முன்னே வந்து, தன் முழு வலுவையும் கொடுத்து, களைத்து விலகி, அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். 2011இல் கவென்டிஷின் அணியில் கடைசியாக விலகுபவர் பெரும்பாலும் ஆஸ்திரேலியரான மார்க் ரென்ஷோ. அவர் விலகும்போது மிச்சமிருப்பது அந்த 200 மீட்டர். அதுவரை மற்றவர்கள் மூச்சால் கட்டிய பாலத்தில் அவர் வந்திருக்கிறார் என்பது உண்மை. பாலம் முடிந்த இடத்திலிருந்து 70 கிலோமீட்டரைத் தொடும் வேகத்தில், தோளோடு தோள் உரசும் கூட்டத்தில், நெற்றி முன் சில்லைத் தொடுமளவு குனிந்து பாய்ந்து முதலில் வருவதும் உண்மை.

மலையில் பின்தங்கினார் என்ற குற்றச்சாட்டையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரங்கள், நாளுக்கொரு பந்தயமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் போட்டியில், 2011இன் 18ஆவது பந்தயம் அல்ப்ஸ் மலையின் கலிபியே உச்சியில் 2,645 மீட்டர் உயரத்தில் முடிந்தது. எங்கள் பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். அதன் உச்சிக்கும் மேலே முடிவுக்கோடு போட்டிருந்தார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அன்று வென்றவரின் நேரத்தைக்கொண்டு கணக்கிட்ட கால எல்லைக்குள் கவென்டிஷால் வந்துசேர முடியவில்லை. அவரோடு சேர்த்து 88 பேர் அந்த எல்லையைத் தவறவிட்டார்கள். அவ்வளவு பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் பந்தயமே இருக்காது என்பதால் அவர்களைத் தொடர அனுமதித்த நடுவர்கள், 20 புள்ளிகளைக் கழித்தார்கள். மறுநாளும் அதே கதை, மீண்டும் 20 புள்ளி. அதிகப் புள்ளி எடுப்பவருக்குரிய பச்சைச் சட்டைக்கான போட்டியில் 40 புள்ளிகளை மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து பாரிசில் அவ்வாண்டின் ஐந்தாவது வெற்றியைப் பெற்று, அந்தச் சட்டையை வென்ற முதல் பிரித்தானியரானார். மலையில் பின்தங்கியவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, கால எல்லையைக் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வந்து சேர்வதே தனிக் கலை. முன்னே போகும் ஐந்து பேரையே படம்பிடிக்கும் தொலைக்காட்சி அந்தக் கூட்டத்தைக் காட்டுவது அபூர்வம். மாமா பார்த்திருக்க வாய்ப்பில்லை; அவரைக் குறை சொல்லவும் முடியாது.

விருதைத் தீர்மானித்தது டூர் மட்டுமல்ல. செப்டெம்பர் 25 அன்று கோப்பன்ஹேகனில் நடந்த உலக வாகையர் பந்தயத்தின் நீளம் 266 கிலோமீட்டர்; கண்டியிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது. ஏறத்தாழ 5 மணி 40 நிமிடம் நீடித்த அந்தப் பந்தயத்தின் பெரும்பகுதியில் பிரித்தானிய வீரர்களே கூட்டத்தின் தலையில் நின்று காற்றை வாங்கினார்கள். யார் அவர்கள்? மறு ஆண்டு டூரை வெல்லப்போகும் விக்கின்ஸ், பின்னாளில் நான்கு முறை அதை வெல்லப்போகும் கிறிஸ் ஃப்ரூம், 2018இல் வெல்லப்போகும் ஜெரெய்ன்ட் தோமஸ், இவர்களோடு மில்லர், கமிங்ஸ், ஸ்டனார்ட், ஹன்ட். டூரின் எதிர்கால மன்னர்கள் மூவர் அன்று ஒருவருக்காக வேலைக்காரர்களாக இருந்தார்கள். சிம்ப்சனுக்குப் பிறகு 46 ஆண்டுகள் கழித்து ஒரு பிரித்தானிய ஆண் அந்தப் பட்டத்தை வென்றார். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள்தான் டிசம்பரில் தொலைபேசியை எடுத்தவர்கள் என்பது என் ஊகம்.

எண்மர் உழைப்புக்கு ஒருவர் பெயரா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. எங்கள் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இருக்கும் பொருள் வெளியூர் வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது: குறித்த அளவு கொழுந்து எடுத்தால் அன்றைய நாளுக்கு ஒரு பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். பேர் என்றால் கூலி. தராசில் நிறுக்கும்போது யாருடைய கூடை என்பதுதான் கேள்வி. தன் கூடையிலிருந்து இரண்டு பிடி எடுத்துப் பக்கத்து நிரையில் நிற்பவளின் கூடையில் போட்டவளுக்கு அதற்கென்று தனியாகப் பேர் விழுவதில்லை. அப்படிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது கொழுந்து மலையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் பந்தயத்தின் கணக்கும் அந்தத் தராசைப் போன்றது. கிரிக்கெட் இதில் கொஞ்சம் தாராளமானது. எங்கள் கண்டி மண்ணின் முரளிதரன் எடுத்த 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 77இல் பிடியெடுத்தவர் மஹேல ஜயவர்தன. ஒவ்வொன்றிலும் இருவர் பெயரும் புள்ளி அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். ரென்ஷோவின் பெயரை எழுத சைக்கிள் பந்தய முடிவுப் பட்டியலில் இடமே இல்லை. எனவே தனிநபர் விருது ஒன்று இந்த விளையாட்டுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் பொருந்தாத சட்டையாகத்தான் இருக்கும். இது கவென்டிஷுக்கு எதிரான வாதமல்ல. மாமாவின் வாதத்தை நேராக எடுத்துப்போனால் விக்கின்ஸுக்கும் தோமஸுக்கும்கூட அந்த விருது கூடாது.

மக்கள் மனம் வேறு, தகுதி வேறு என்று நான் சொன்னதற்குச் சரியான உதாரணம் பின்னால் வந்தது. 2013, 2015, 2016, 2017 என நான்கு முறை டூரை வென்ற ஃப்ரூம் இந்த விருதின் முதல் மூவரில் ஒருமுறைகூட வரவில்லை. 2018இல் ஒரேயொரு முறை வென்ற தோமஸுக்கு விருதே கிடைத்தது. தோமஸ் வேல்ஸ்காரர், கலகலப்பாகப் பேசுபவர், ஆண்டாண்டாக மற்றவர்களுக்கு உழைத்துவிட்டு ஒருநாள் தானே வென்றவர். ஃப்ரூம் நைரோபியில் பிறந்து கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளர்ந்தவர். அவர் ‘எங்களவர்’ தானா என்ற தயக்கம் பலருக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். மலையகத்தில் பிறந்து வாழும் எனக்கு அந்தத் தயக்கத்தின் முகம் பரிச்சயமானது. இதோடு ஊக்கமருந்துச் சந்தேகம் என்ற நிழலும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கரான லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டது, விக்கின்ஸ் விருது வாங்கிய அதே 2012இல்தான். தடைசெய்யப்பட்ட மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்க அனுமதிக்கும் மருத்துவ விலக்கை விக்கின்ஸின் அணி பயன்படுத்திய விதத்தை 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கடுமையாகக் கண்டித்தது. அணியும் அவரும் அதை மறுத்தார்கள். அதன்பின் பழைய விழா ஒளிப்பதிவைப் பார்ப்பவர்கள் அனைவரும் அதே கண்ணோடு பார்ப்பதில்லை.

சாலையில் கிடைக்கும் மரியாதை வேறு ஒரு கணக்கு. டூர் வெற்றியாளருக்குரிய மஞ்சள் சட்டையை நாடே கொண்டாடிய 2012இன் நவம்பரில், விக்கின்ஸ் தன் ஊருக்கு அருகே வேன் ஒன்றில் மோதுண்டு விலா எலும்புகள் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். சைக்கிள்காரர்கள் சாலை வரி கட்டுவதில்லை என்று அங்கே வாகனக்காரர்கள் இன்றும் குறைப்படுகிறார்கள். அப்படி ஒரு வரி 1937இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை போலும். ஹட்டன் வீதியில் பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு ஒதுங்கிக் காணுக்குள் இறங்கி நின்ற அனுபவம் எனக்கும் உண்டு.

மாமாவின் ஒரு கருத்தோடு நான் உடன்படுகிறேன். ஃபாரா அந்த ஆண்டு தென்கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கமும் 10,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். அவர் மூன்றாவதாக வந்தது குறைவுதான், குறைந்தது கோல்ப் வீரர் கிளார்க்கை முந்தியிருக்க வேண்டும். ஆனால் பச்சைச் சட்டையும் உலகப் பட்டமும் ஒரே ஆண்டில் வென்றவரை முதலிடத்தில் வைத்ததில் பிழை எதையும் நான் காணவில்லை. ஃபாராவுக்கு அந்த விருது 2017இல் கிடைத்தது என்பதையும் மாமாவிடம் நினைவுபடுத்துங்கள்.

கவென்டிஷின் கதை அந்த விழாவோடு முடியவுமில்லை. 2024 ஜூலை 3 அன்று, 39 வயதில், டூரில் தன் 35ஆவது நாள் வெற்றியைப் பெற்று, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸோடு பகிர்ந்திருந்த சாதனையைத் தனதாக்கிக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் பிபிசி அவருக்கு வாழ்நாள் சாதனை விருதையும் கொடுத்தது. அந்த வெற்றிக்கு நான்கு நாட்களுக்கு முன், புளோரன்ஸிலிருந்து புறப்பட்ட முதல் நாள் பந்தயத்தில், வெயில் தாங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டு முதல் ஏற்றத்திலேயே கூட்டத்தை விட்டு விலகினார். அவருடைய அணித் தோழர்கள் தங்கள் இடத்தை விட்டுவிட்டு அவரோடு பின்தங்கி, மலைக்கு மேல் மலையாக அவரைக் கால எல்லைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். மாமா அடுத்த முறை வரும்போது அந்த நாளின் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டி, அந்தத் தோழர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும் என்று கேளுங்கள். நானே இரண்டாம் முறை பார்த்துத்தான் அவர்களை ஒருவாறு அடையாளம் கண்டேன்.